யானைக் காலடி

சூளஹத்திபதோபம சூத்திரம். இந்தப் பெயரை எத்தனை வருடங்களாகக் கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மிஹிந்தலையில் தேவநம்பியதீச மன்னனுக்கு மஹிந்த தேரர் போதித்த முதல் உபதேசம் எது என்று கேட்டால் பிள்ளைகள் எழுதவேண்டிய விடை அதுதான். ஒரு புள்ளி. பெயர் நீளமானது, பிழைவிட்டுவிடுவார்கள் என்பதற்காக அதை 'சூள - ஹத்தி - பதோபம' என்று மூன்றாக வெட்டி, ஓதப்பள்ளியில் எழுத்துக் கூட்டுவதுபோல ராகம் போட்டுச் சொல்லப் பழக்கியிருந்தேன். என் வகுப்பில் அந்த ஒரு புள்ளியை யாரும் இழந்ததில்லை.

2011இல் ஒருநாள் பின் வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்.

"சேர், அதுல அவரு என்ன சொல்லிக் குடுத்தாரு?"

"அது சோதனைக்கு வராது, இரி" என்றேன்.

அவன் இருந்துவிட்டான். ஆனால் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததும் அதை நான் வேறொருவர் வாயிலிருந்து கேட்டது ஞாபகம் வந்தது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவர் மணிமேகலையை மிக ரசனையாகப் படிப்பித்தவர். ஆபுத்திரன், காயசண்டிகையின் பசி, அமுதசுரபி, மணிபல்லவம் எல்லாம் அவர் சொன்ன விதத்திலேயே இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. கடைசி இரண்டு காதைகளுக்கு வந்தபோது மட்டும், "இதெல்லாம் பௌத்த தத்துவம், சோதனைக்கு வராது" என்று பக்கங்களை ஒன்றாகப் பிடித்துப் புரட்டிவிட்டார். ஒரு காப்பியம் எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பக்கங்கள் அவை. நாங்களும் சந்தோசமாகப் புரட்டினோம்.

நமது நாட்டில் சமயம் கட்டாய பாடம். முதலாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை பதினொரு வருடங்கள் நமது பிள்ளை இஸ்லாம் படிக்கிறது. சிங்களப் பிள்ளை பௌத்தம் படிக்கிறது. மற்றவர் சமயத்தைப் பற்றிய ஒரு பக்கம் நான் படித்தபோதும் படிப்பித்தபோதும் என் கண்ணில் பட்டதில்லை. பௌத்தம் நம்மிடம் வருவது வரலாற்றுப் பாடத்தினூடாகத்தான். மன்னர்கள், தாதுகோபங்கள், குளங்கள், படையெடுப்புகள். அந்த வழியால் வருகிறவரை அந்த முகத்தோடுதான் நாம் அறிந்துகொள்கிறோம்.

வகுப்பறைக்கு வெளியே நான் கண்ட பௌத்தத்தைச் சொல்வதானால் அது இன்னும் சிக்கலானது. எங்கள் வட்டையிலிருந்து பார்த்தால் தீகவாபித் தாதுகோபம் தெரியும். சின்ன வயதில் வாப்பாவோடு களவெட்டியில் படுத்திருந்த இரவுகளில் அது மரங்களுக்கு மேலே ஒரு கறுத்த திட்டியாகத் தெரிந்தது. துட்டகைமுனுவின் தம்பி சத்தாதீசன் கட்டியது என்று பின்னர் படித்தேன். ஆனால் எங்கள் பெரியவர்களின் பேச்சில் அது எப்போதும் காணிப் பிரச்சினையோடு சேர்ந்துதான் வரும். எங்காவது ஒரு மேட்டில் புதிதாக ஒரு சிலை முளைத்தால் அதைச் சுற்றி எத்தனை ஏக்கர் போகும் என்பதுதான் எங்கள் முதல் யோசனை. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையின் மிச்சமும் பொய்யாகிவிடும். அந்த யோசனைக்குக் காரணங்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன.

எங்கள் காணிக்கு மேற்கே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களவரின் வயல். அவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். 1950களில் கல்லோயாக் குடியேற்றத்தின்போது கேகாலைப் பக்கமிருந்து தகப்பனின் தோளில் இருந்து வந்தவர். நான் அவரை 'மாத்தயா' என்பேன். அவர் என்னை 'மாஸ்டர்' என்பார். தண்ணீர் முறை, உரம், உழவு இயந்திரக் கூலி தவிர வேறொன்றும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவருக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறைச் சிங்களம். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு மொழிக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தப் பொடியன் கேட்ட அடுத்த சனிக்கிழமை வரம்பில் நின்ற அவரிடம், "மாத்தயா, சூளஹத்திபதோபம சூத்திரத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். வெங்காயம் என்ன விலை என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வாய்க்கால் ஓரத்துச் சேற்றைக் காட்டினார். முதல்நாள் இரவு யானை வந்துபோயிருந்தது. எங்கள் பக்கத்தில் அது புதினமில்லை. சுளகு அளவுக்குப் பதிந்து, தண்ணீர் ஊறிக் கிடந்தது காலடி.

"இது பெரிய கொம்பனா?" என்றார்.

"காலைப் பார்த்தால் பெரியதுதான்."

"அப்படிச் சொல்லக்கூடாது என்பதுதான் அந்த பண."

வரம்பில் குந்தியிருந்து அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ஒரு துறவி, யானைக் காலடியைக் கண்டு பெரிய யானை என்று முடிவுசெய்வதுபோல, சில அடையாளங்களைக் கண்டு புத்தர் பூரண ஞானம் பெற்றவர் என்று தான் முடிவுசெய்ததாக ஒரு பிராமணரிடம் சொல்கிறார். பிராமணர் போய்ப் புத்தரிடம் அதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறார். புத்தர் மகிழ்ந்துபோகவில்லை, உவமை அரைகுறையாக இருக்கிறது என்கிறார். கைதேர்ந்த யானைத் தடக்காரன் காலடியை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லமாட்டான், பெரிய காலுள்ள கட்டைப் பெண்யானைகளும் காட்டில் உண்டு. அவன் தடத்தோடே போவான். உயரத்தில் மரம் உரசிய இடத்தைப் பார்ப்பான், கொம்பு கீறிய இடத்தைப் பார்ப்பான், முறிந்த கிளையைப் பார்ப்பான். மரத்தடியிலோ வெளியிலோ யானையைக் கண்ணால் கண்டபிறகுதான் இதுதான் அந்தப் பெரிய யானை என்பான். தன் வழியில் வருகிறவனும் அப்படித்தான் ஒவ்வொரு படியாகப் போய், முடிவில் தானே கண்டபிறகுதான் முடிவுக்கு வரவேண்டும் என்று புத்தர் விரித்துச் சொல்கிறார்.

மஹாவம்சம் சொல்வதை ஏற்றுக்கொண்டால், இந்த மண்ணில் போதிக்கப்பட்ட முதல் பௌத்த உபதேசம் இது. அவசரப்பட்டு முடிவுகட்டாதே என்பது. ஒரு வரலாற்று ஆசிரியனாக நான் அதன் பெயரை ராகத்தோடு படிப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்தப் பொடியனைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னேன். "ஆனக் கதையா சேர்?" என்று வகுப்பே நிமிர்ந்தது. ஒரு பாடவேளை முழுவதும் யானைக் கதைதான். ஒவ்வொருவன் வீட்டு வேலியிலும் ஒரு யானை வந்துபோயிருந்தது.

அதன்பிறகு நான் செய்தது எல்லா வாத்திமாரும் செய்யும் பிழை. புத்தகங்களைக் குவித்தேன். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' 1940இல் வந்த நூல். அதை ஒரே மூச்சில் படித்தேன். தமிழ் பேசியவர்கள் பல நூற்றாண்டுகள் பௌத்தர்களாக வாழ்ந்தார்கள் என்பதும், வீரசோழியம் என்ற இலக்கணத்தைச் செய்தவர் புத்தமித்திரர் என்ற பௌத்தர் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'பள்ளி' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஒருகாலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பெயர் அது. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம் ஆனது. நாம் தொழும் இடம் பள்ளிவாசல் ஆனது. சிங்களத்திலும் நமது பள்ளி 'பல்லிய'தான். இதைக் கண்டுபிடித்ததுபோல மாத்தயாவிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டு, "நல்லது. ஆனால் மாஸ்டர் இன்னும் காலடியைத்தான் அளக்கிறார்" என்றார்.

மஹாவம்சத்தைக் கையில் எடுத்தபோதும் வேண்டாம் என்றார். அது ஐந்தாம் நூற்றாண்டளவில் ஒரு பிக்கு எழுதிய நாட்டு வரலாறு, பிறகு படிக்கலாம், முதலில் தம்மபதம் என்றார். 423 சிறிய பாக்கள். நாளைக்கு இரண்டு போதும். தன்னுடைய பழைய சிங்களப் பதிப்பைத் தந்தார், முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் அவர் படிப்பித்த பாடசாலையின் முத்திரையும் இருந்தன. பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு படித்தேன். பௌத்தம் மட்டுமல்ல, என் சிங்களமும் அப்படித்தான் திருந்தியது.

தமிழ் தெரிந்தவன் பௌத்தத்தைப் படிக்கத் தொடங்கும்போது விழும் குழி ஒன்று உண்டு. அதில் நான் ஒரு வருடம் கிடந்தேன். சொற்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவை போலிருக்கும். தர்மம் என்றால் நமக்குப் பிச்சைக்காரனுக்குப் போடுவது. அங்கே போதனை முழுவதும் தர்மம். ஆகமம் என்றால் தமிழில் சைவர்களின் நூல்; சிங்களத்தில் 'ஆகம' என்றால் எந்தச் சமயமும். கர்மம் என்றால் நமது பேச்சில் தலைவிதி. மாத்தயா அதற்கு மனதில் வைக்கும் நாட்டம் என்று பொருள் சொன்னார். எனக்கு உடனே நமது 'நிய்யத்' ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் அந்தப் பக்கமாக ஒரு கதவு திறந்தது. மிகவும் வழுக்கியது துக்கம். நமக்குத் துக்கம் என்றால் மையித்து வீடு. வாழ்வு முழுவதும் துக்கம் என்று படித்துவிட்டு, இதென்ன இருண்ட மார்க்கம் என்று மாத்தயாவிடம் வாதாடினேன்.

அது சிறுபோகம். என் வயலில் அறக்கொட்டியான் விழுந்து வட்டம் வட்டமாகக் கருகியிருந்தது. அவர் என்னை வயலுக்குள் இறக்கினார்.

"நோய் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"ஏன் வந்தது?"

யூரியாவை அள்ளிப்போட்டேன், நெருக்கி விதைத்தேன். அது எனக்கே தெரியும்.

"காரணம் போனால் நோய் போகுமா?"

"போகும்."

"அதற்கு முறை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"நான்கு உண்மைகளும் அவ்வளவுதான். வயலில் நோய் இருக்கிறது என்று சொல்கிறவன் வயலை வெறுக்கிறவனா?"

அறுவடையில் எனக்கு நட்டம்தான். ஆனால் துக்கம் என்ற சொல் அன்றைக்குப்பிறகு வழுக்கவில்லை. எதுவும் நிலைத்து நில்லாததால் எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு குறை, ஒரு திருப்தியீனம் என்று விளங்கிக்கொண்டேன்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். பஞ்சசீலத்தை நான் கட்டளைகள் என்று நினைத்திருந்தேன். நமக்கு விலக்கல் என்றால் விலக்கியவன் ஒருவன் இருக்கிறான். அங்கே உயிர்க்கொலையிலிருந்து விலகியிருக்கும் பயிற்சியை நான் ஏற்கிறேன் என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். படைத்தவன் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 'புத்தர் அவர்களின் கடவுள்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது ஒரு பௌத்தரின் காதில் எவ்வளவு பிழையாகக் கேட்கும் என்று அப்போதுதான் விளங்கியது. பூ வைப்பது எதற்கு என்றும் கேட்டேன். இந்தப் பூ வாடுவதுபோல இந்த உடலும் அழியும் என்று நினைத்துக்கொண்டு வைப்பதுதான் முறை என்றார். எத்தனை பேர் அப்படி நினைக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "தொழுகையில் எத்தனை பேர் மாஸ்டர்?" என்று திருப்பிக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது சிகாலன் என்ற இளைஞனுக்குச் செய்த உபதேசம். நனைந்த தலையோடு ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்த அவனுக்கு, திசைகள் என்பவை மனிதர்கள் என்று புத்தர் விளக்குகிறார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள். மேற்கு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து வேளையும் மேற்குப் பார்த்து நிற்கிறவனல்லவா நான். ஆசிரியன் மாணவனுக்குச் செய்யவேண்டிய ஐந்து கடமைகளில் கடைசியானது, எல்லாத் திசைகளிலும் அவனுக்குப் பாதுகாப்புத் தேடிக்கொடுப்பது. கலாசாலையில் இரண்டு வருடம் கல்வி உளவியல் படித்தவன் நான். இந்த ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊரில் கதை வராமல் இருக்குமா? "மாஸ்டர் மஞ்சள் உடுக்கப்போறாராம்" என்று கடைத்தெருவில் பகிடி. அதைவிட, பள்ளியில் ஒரு பெரியவர் தோளில் கைவைத்து, "மகன், நம்மட கிதாபெல்லாம் ஓதி முடிஞ்சா?" என்று கேட்டதுதான் தைத்தது. முடியவில்லை, முடியவும் முடியாது. அவருக்கு நான் அல்பிரூனியைப் பற்றிச் சொன்னேன். 1030ஐ அண்டிய காலத்தில் இந்தியாவைப் பற்றி அறபில் அவ்வளவு பெரிய நூலை எழுதியவர், பௌத்தர்களைப் பற்றிக் கேட்டறிய ஒரு நூலோ ஒரு மனிதரோ தமக்குக் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். எனக்கோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். பெரியவர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. வேறு சிலர், புத்தர் குர்ஆனில் வரும் துல்கிப்ல் நபிதான், கபிலவஸ்துதான் 'கிப்ல்' ஆனது என்று எனக்கு ஆதரவாகப் பேசினார்கள். இந்த ஆதரவு எனக்கு அந்தப் பகிடியைவிடச் சங்கடமாக இருந்தது. ஓர் எழுத்து ஒற்றுமையில் அவரை நம்மவராக்கிவிட்டால் பிறகு அவர் சொன்னதைப் படிக்கவேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை என்ற புரளி கிளம்பி, முஸ்லிம் சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று பின்னர் பகுப்பாய்வு அறிக்கை வந்தது. இரண்டு மாதம் நான் மேற்கு வரம்புக்குப் போகவில்லை. அவரும் இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் வாய்க்காலில் தண்ணீர் திறந்தபோது இருவரும் வந்தே ஆகவேண்டியிருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் ஏப்ரல் 21. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த ஞாயிறுக்குப் பிறகு நமது வீடுகளில் என்ன நடந்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. அறபு எழுத்து இருந்த எதையும் கண்டு பயந்தோம். வாப்பாவின் அறபுத்தமிழ்க் கிதாபுகளைச் சாக்கில் சுற்றி நெல்லுக்குள் புதைத்தேன். அதோடு இன்னொன்றும் செய்தேன். உள்ளறை மேசையில் கிடந்த மாத்தயாவின் சிங்களத் தம்மபதத்தை எடுத்து, முன்கூடத்து அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி நிறுத்திவைத்தேன்.

சோதனைக்கு வந்தார்கள். ஓர் இளைஞன் அதை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப வைத்துவிட்டுப் போனான். அது உதவியதா, உதவாமலே போயிருப்பார்களா, தெரியாது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எட்டு வருடம் நாளுக்கு இரண்டாகப் படித்த புத்தகத்தைக் கதவில் கட்டும் தாயத்து ஆக்கிவிட்டேன். நெல்லுக்குள் மூச்சுமுட்டிக் கிடந்தவை வாப்பாவின் கிதாபுகள். எதை மறைத்தேன், எதைக் காட்டினேன் என்பதை உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மாரிப்போக விதைப்புக்கு நிலம் பண்படுத்தும்போது இதை மாத்தயாவிடம் சொன்னேன். சொல்லாமல் அந்தப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் உழவு இயந்திரத்தின் சுக்கானில் கட்டியிருந்த அழுக்கேறிய பிரித் நூலைக் காட்டினார். "இது என்ன? பஸ்காரன் முன்கண்ணாடியில் புத்தரை ஒட்டிவிட்டு எண்பதில் ஓடுகிறானே, அது என்ன? நாங்களும் முன்னால்தான் வைத்திருக்கிறோம் மாஸ்டர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தகப்பனுடைய புத்தகங்களை வெளியே எடுத்தீர்களா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். இரண்டில் கறையான் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

படிப்பு இப்போது அனாத்மாவில் நிற்கிறது. நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை என்பதை அவர் வாழைமரத்தை உரித்து உரித்து விளக்குகிறார். உள்ளே வைரமே இல்லை என்கிறார். நான் றூஹ் என்கிறேன். மறுமை என்கிறேன், கேள்விகணக்கு என்கிறேன். அவர் விடமாட்டார், நானும் விடமாட்டேன். இதில் நாங்கள் ஒருநாளும் ஒத்துவரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். தேநீர் ஆறிப்போகும்வரை வாதாடுவோம்.

போன சனிக்கிழமை வாதத்தின் நடுவே சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மாஸ்டர், நான் இஸ்லாத்தைப் பற்றி ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்க வேண்டும்? சிங்களத்தில் எதைத் தருவீர்கள்?"

சிங்களத்தில் குர்ஆன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதை அப்படியே கையில் கொடுப்பதா? நபியவர்களின் வரலாற்றிலிருந்து தொடங்குவதா? அல்லது ஒரு நோன்பு நாளில் நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிடுவதா? அவர் எனக்கு யானைக் காலடியைக் காட்டினார். நான் அவருக்கு எதைக் காட்டுவேன்? இருபது வருடமாக வாத்தியார் வேலை பார்க்கும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டேன். செவ்வாய்க்கிழமை வெட்டு மெஷின் வருகிறது, அதற்குள் யோசித்துவிட வேண்டும்.